நான்காவது எழுத்து

"இல்லாத எழுத்தை வாசிக்கத் தெரியுமா உனக்கு?" என்று முதலாளி ஒருமுறை அவளைக் கேட்டார்.

அவள் தலையாட்டினாள். கேள்வி புரிந்ததால் அல்ல. ஆமாம் என்று தலையாட்டினால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும், இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள் என்பது அவளுடைய அனுபவம். இப்படித் தலையாட்டியே அவளுக்கு நிறைய விஷயங்கள் வந்து சேர்ந்திருந்தன. பிடிக்காத பாசிப்பச்சைச் சட்டைத்துணி, பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கும் வேடம், ஒரு தடவை யாரோ ஒருவருடைய பூனை. இப்போது ஒரு வேலை.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். படிப்பு ஏறாமல் இல்லை. எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, யாரும் வந்து கேட்கவில்லை. வாயில்லாப் பூச்சி என்று ஓர் ஆசிரியை வைத்த பெயரில் முன்பாதி தேய்ந்துபோய் பூச்சி மட்டும் மிஞ்சியது. அது வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. அவள் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்கவும் வாய் வேண்டும்.

அவளுடைய அண்ணன் அந்த நியான் போர்டு கம்பெனியில் பிட்டர். ஏணியில் ஏறி, சுவரில் ஆணியடித்து, கண்ணாடிக் குழாயில் வளைத்த எழுத்துகளை மாட்டி, கம்பி இணைத்து எரியவைப்பது அவன் வேலை. தங்கச்சி வீட்டில் சும்மா இருக்கிறாள், கண் நல்ல கண், வாய்தான் இல்லை என்று அவன் முதலாளியிடம் சொல்லியிருந்தான். முதலாளிக்கு அப்போது கண்தான் தேவைப்பட்டது.

வேலை என்னவென்று சொல்வதற்கு முன்னால் முதலாளி ஊரின் சரித்திரத்தைச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை ஊருக்குச் சரித்திரம் என்று ஒன்று இருந்தால் அது நியான் போர்டோடுதான் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இருட்டு.

முதல் போர்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு குடைக்கடையில் ஏறியது. சிவப்பு. குழாய்க்குள் நியானை அடைத்து மின்சாரம் விட்டால் அது தானாகச் சிவப்பாகத்தான் எரியும், அதற்கு மேல் யாரும் ஆசைப்பட்டிருக்கவில்லை. சாயங்காலமானால் ஜனங்கள் வந்து வாயைப் பிளந்துகொண்டு கடை வாசலில் நின்றார்கள். எவ்வளவு பேர் என்றால், குடை வாங்க வந்தவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. குடைக்காரருக்குப் பெயரும் நஷ்டமும் ஒன்றாகவே வந்தன. எதிரே செருப்புக்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. தனக்கும் ஒன்று வேண்டும், ஆனால் அந்த ஆள் நிறம் வேண்டாம் என்றார். வேறு வாயுவை அடைத்து, உள்ளே ஒரு சொட்டுப் பாதரசம் விட்டு, ஊரில் முதல் நீலம் வந்தது. குடைக்காரர் விடவில்லை. அவருடைய போர்டு மறுமாதமே எரிந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. செருப்புக்காரர் ஒரு செருப்பையே எரியவிட்டார், அது நடந்தது. இரண்டு பேருக்கும் போர்டு போட்டவர் முதலாளியின் அப்பா. இவர் என்ன போடப்போகிறார் என்பதை அவரிடமும், அவர் என்ன போடப்போகிறார் என்பதை இவரிடமும் சொன்னதும் அந்த அப்பாதான்.

பிறகு ஒரு பல் வைத்தியர் ஆள் உயரத்துக்குப் பல் ஒன்றை வெள்ளையாக எரியவிட்டார். அதைப் பார்த்த பிறகு பலருக்கு வலி நின்றுவிட்டது என்று முதலாளி சொன்னார். கூவி விற்கிறவனுக்குத்தான் இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டிருந்த பேங்க், கடைசியில் எல்லாரையும்விடப் பெரிதாக வைத்தது. ஒரு கட்டத்தில் பெரிய வீதியில் மாலைக்காட்சி விட்டு வெளியே வருகிறவர்களுக்கு இருட்டிவிட்டது என்பதே தெரியாமல் போனது.

"ஏத்தினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அணைஞ்சதுதான் ஒருத்தனுக்கும் தெரியாது," என்றார் முதலாளி. "கடைக்காரன் தன் போர்டை அண்ணாந்து பார்க்கவே மாட்டான். எதிர்க்கடையைத்தான் பார்ப்பான். நமக்கு போன் வர்றதெல்லாம் எதிர்க்கடையிலேர்ந்துதான். அவ்வளவு சந்தோஷமா பேசுவான்."

ஆகவே பூச்சியின் வேலை இது. விளக்குப் போடும் நேரத்தில் ஊரைச் சுற்றும் பஸ்ஸில் ஏற வேண்டும். கம்பெனி போட்ட போர்டுகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எங்கே எந்த எழுத்து அணைந்திருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, இறங்குகிற இடத்து மருந்துக்கடையிலிருந்து போன் செய்து சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் அண்ணன் ஏணியோடு போவான்.

கேட்பதற்குச் சுலபம், செய்து பார்த்தால்தான் தெரியும். பெயர் தெரிந்த கடை என்றால் பாதி எழுத்து அணைந்திருந்தாலும் கண் முழுசாகவே வாசித்துவிடும். இல்லாததைப் பார்க்க வேண்டுமென்றால் புதிதாகப் படிக்கக் கற்றுக்கொள்கிறவர்களைப்போல ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போக வேண்டும். பூச்சிக்கு அது பிடித்திருந்தது. சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லாத பாடப்புத்தகம் அவளுக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு உதடு அசைப்பவளைக் கண்டக்டர் முதலில் காதல் விவகாரம் என்று நினைத்தார். பிறகு பக்தி என்று முடிவு செய்து, அவளுக்குப் பக்கத்தில் சத்தம் போடுகிறவர்களை அதட்டினார்.

போன்தான் கஷ்டம். "பேங்க், கடைசி மூணு எழுத்து" என்பதை நாலு நிறுத்தம் முன்பிருந்தே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். மறுமுனையில் முதலாளி "ம்" என்பார். "பல் வைத்தியர், பல்லோட வேர்." "ம்." "அவ்வளவுதான்." "ம்." இரண்டு பேருக்கும் இது ஒத்துப்போனது. பள்ளிக்கூடம் இப்படி நடந்திருந்தால் அவள் பட்டம் வாங்கியிருப்பாள்.

எழுத்துகள் ஏன் எப்போதும் கூட்டமாகவே அணைகின்றன என்று அண்ணன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்து, ஒரு நூலை ஒன்றுக்குள் விட்டு அடுத்ததுக்குள் எடுத்துக் காட்டினான். இந்த நூல்தான் மின்சாரம். ஒரு டிரான்ஸ்பார்மருக்கு மூன்று எழுத்து. முதல் எழுத்து வழியாகப் போய்த்தான் இரண்டாவதுக்குப் போகும். ஒரு குழாய் விரிசல் விட்டால் நூல் அறுந்தது மாதிரி, மூன்றும் போகும். தனியாக ஓர் எழுத்து மட்டும் அணையவே அணையாது.

"தனியா அணைஞ்சிருந்தா?" என்று பூச்சி கேட்டாள். வீட்டில் அவள் கொஞ்சம் பேசுவாள்.

"எவனோ அந்த எழுத்தைக் கழட்டிவிட்டு, இந்தக் கம்பியையும் அந்தக் கம்பியையும் நேரா முடிஞ்சிருக்கான்னு அர்த்தம்." நடு டம்ளரை எடுத்துவிட்டு நூலை நேராக இழுத்துக் காட்டினான். "தெரிஞ்சவன் கைதான் அதைச் செய்யும்."

அண்ணி அப்போது, பேசினது போதும் என்று டம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவள். ஊர் முழிப்பதற்கு முன்னால் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் ஊர் விளக்குப் போடும்போது படுக்க வேண்டும். இரண்டு கைகளும் மாவிலே இருக்கும் வேலை, வாய் மட்டும் சும்மா இருக்கும். அதனால் அது ஓயாது. கேள்வியையும் அவளே கேட்டு பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள். "பசிக்குதா பூச்சி? பசிக்கத்தான் செய்யும். காலையில என்னத்தைச் சாப்பிட்ட? ஒண்ணும் சாப்பிடலை." பதிலுக்காகக் காத்திருந்து, கழுத்தை நீட்டிப் பார்த்து, "வாயைத் திறந்துதான் சொல்லேன்" என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. யாரும் காத்திருக்கவில்லை என்று தெரிந்ததும் பூச்சிக்குப் பேச்சு வந்தது. அண்ணியின் வாக்கியங்களுக்கு நடுவே சின்னச் சின்னதாகத் தன்னுடையதையும் நுழைத்துவிடுவாள். உலகத்தில் பூச்சி முழு வாக்கியம் பேசிய ஒரே ஆள் அண்ணிதான். அண்ணன் நல்லவன், ஆனால் வீட்டுக்குள் வந்தால் அவனும் தங்கச்சி மாதிரிதான். அண்ணி இல்லாவிட்டால் அந்த வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அப்படிப்பட்ட அண்ணி போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரணம் ஓர் எழுத்து. அவர்கள் குடியிருந்தது ஒரு லாட்ஜின் மேல்மாடியில் பிரித்துவிட்ட இரண்டு அறைகள். கட்டடத்தின் மூலையில், மேலிருந்து கீழாக ஆறு எழுத்துகளில் லாட்ஜின் பெயர் சிவப்பாகத் தொங்கியது. மேல் மூன்று எரியும், அது அணைந்து கீழ் மூன்று எரியும், பிறகு ஆறும் சேர்ந்து எரியும், பிறகு எல்லாம் அணையும், மறுபடி மேல் மூன்று. இதில் நான்காவது எழுத்து படுக்கையறை ஜன்னலுக்கு நேர் வெளியே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. அது எரியும்போது சுவர், தலையணை, அண்ணியின் மூக்கு எல்லாம் சிவக்கும். அணையும்போது, அடுத்து எப்போது எரியும் என்று காத்திருக்கவைக்கும். அண்ணி போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். அட்டைப்பெட்டியை வெட்டி அடைத்துப் பார்த்தாள். கண்ணை மூடினாலும் இமைக்குள் தெரிகிறது என்றாள்.

"நான் தூங்கறதே இல்ல பூச்சி. நானும் அதோட சேர்ந்து எரிஞ்சு எரிஞ்சு அணையறேன்."

வேறு வீடு பார்க்கலாம் என்று அண்ணனிடம் சொன்னாள். இந்த வாடகைக்கு வேறு எங்கே கிடைக்கும் என்றான் அவன். அது உண்மையான காரணம் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். அந்த போர்டு அவன் தனியாக நின்று மாட்டிய முதல் போர்டு. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்து எதிர்ப் பக்க நடைபாதையில் நிற்கவைத்துக் காட்டியிருக்கிறான். அப்போது அவள் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லை அவன் விடவே இல்லை.

"தூரத்திலேர்ந்து பார்த்தேன், அழகா இருந்துது," என்று அண்ணி சொன்னாள். "அது பக்கத்துல படுக்கணும்னு அன்னிக்கு யாரு சொன்னா? இந்த மாசம் முடியட்டும். அந்த எழுத்தா நானான்னு பார்த்துடலாம். எங்க அக்கா வீட்ல ஜன்னலே கிடையாது."

அண்ணன் சிரித்தான். பூச்சி சிரிக்கவில்லை. பேச்சில் பாதியைக் காற்றில் விடுகிற அண்ணி, எந்தப் பாதியை விடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம், பேக்கரிக்கு விடுமுறை விட்ட நாளில், பூச்சி பஸ் சுற்று முடித்து, மருந்துக்கடையில் போனும் செய்துவிட்டுத் தெருவுக்குள் நுழைந்தாள். பழக்கதோஷத்தில் அண்ணாந்தாள். மேல் மூன்று எரிந்தது. பிறகு கீழே எரிந்தது, ஐந்தாவதும் ஆறாவதும் மட்டும். நான்காவது இருந்த இடத்தில் இருட்டாக ஒரு சதுரம். ஜன்னலில் அண்ணியின் போர்வைகூட இல்லை.

நடுத்தெருவில் நின்றாள். ஒரு சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

தனியாக ஓர் எழுத்து அணையாது. தெரிந்தவன் கைதான் செய்யும். அந்தக் கை யாருடையது என்று யோசிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அண்ணன் செய்திருக்கிறான். தன் முதல் போர்டைத் தானே அவிழ்த்திருக்கிறான், அதையும் யாரிடமும் மூச்சு விடாமல். வாயில்லாத குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இப்படித்தான் அன்பு காட்ட வரும் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் அண்ணி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் சமையலறையில் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் தட்டில் பூச்சி தன் பங்கையும் கொஞ்சம் எடுத்து வைத்தாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை, சாப்பிட்டான்.

மறுநாள் போனில் "பேங்க், முதல் மூணு" என்றாள். "அவ்வளவுதான்" என்றாள். "ம்" என்றார் முதலாளி. அவள் சொன்ன முதல் பொய் அந்த "அவ்வளவுதான்". மருந்துக்கடைக்காரர் அவளுக்கு வியர்த்திருப்பதைப் பார்த்துவிட்டு உப்புக்கரைசல் பொட்டலம் ஒன்று கொடுத்தார்.

அதற்குப் பிறகு வீடு நன்றாக இருந்தது. அண்ணி தூங்கினாள், கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு குறைந்தது. பேக்கரியிலிருந்து நுனி கருகிய ரொட்டிகளைக் கொண்டுவந்தாள், அண்ணனுக்கு அதுதான் பிடிக்கும். மாசக்கடைசி வந்து போனது. அக்கா வீட்டுப் பேச்சு எழவே இல்லை. அண்ணனைக் கேள்வி கேட்டுவிட்டு பதிலைத் தானே சொல்லாமல் நிறுத்தும் புதுப் பழக்கம் ஒன்று அவளுக்கு வந்திருந்தது.

"இன்னிக்கு மேல ஏதாச்சும் பார்த்தீங்களா?"

"மேல பார்க்கறதுதானே என் பொழைப்பு."

"நான் இப்பல்லாம் நல்லாத் தூங்கறேன், இல்ல?"

"தூங்கினா நல்லதுதானே."

அண்ணி கொஞ்சநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போவாள். இது புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று பூச்சி தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணி அவளிடமே கேட்டாள். "ஏன் பூச்சி, தினமும் போன்ல சொல்றியே, எல்லாத்தையும் சொல்லிடுவியா? ஒண்ணு விடாம?"

பூச்சி தலையாட்டினாள். கம்பெனி விஷயத்தில் பொய் சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டாமே என்றுதான்.

"நம்ம தெருவில இருக்கறதையும்?"

அதற்கும் தலையாட்டினாள்.

"அப்போ உங்க அண்ணனுக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கும்." அண்ணி ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். காது வரைக்கும் சிவந்திருந்தாள், வெளியே எழுத்தே எரியாதபோது. "இருக்கட்டும். அவரா வாயைத் திறக்கட்டும். நான் கேக்க மாட்டேன்."

இதில் பூச்சிக்கு விசேஷமாக எதுவும் படவில்லை. அண்ணன் செய்தது அண்ணிக்கும் தெரிந்துவிட்டது, வெட்கப்படுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

விஷயம் எதிர் லாட்ஜ்காரர் வழியாக உடைந்தது. அவர் கம்பெனிக்கு போன் செய்து, பாவம், எதிர்ல அந்த லாட்ஜ் போர்டில் நடுப்பல் விழுந்த மாதிரி ஒரு எழுத்து போய் எத்தனை நாளாச்சு, யாரும் கவனிக்கலையே என்று ஐந்து நிமிஷம் அனுதாபப்பட்டிருக்கிறார்.

முதலாளி பூச்சியைப் பட்டறைக்கு வரச் சொன்னார். பட்டறையில் எப்போதும் சூடும் சீறலும்தான். குழாய் வளைக்கிறவர் வாயில் ரப்பர் குழலைக் கடித்துக்கொண்டு, தீயில் இளகிய கண்ணாடிக்குள் ஊதிக்கொண்டிருந்தார். ஊதாமல் வளைத்தால் குழாய் அமுங்கிவிடும். அதனால் அவரும் வேலை நேரத்தில் பேசமாட்டார். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே குழாய் போகிற இடம் வெளியே தெரியாமலிருக்க ஓர் அம்மா கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். ஏணியைத் துடைத்துக்கொண்டு அண்ணன் நின்றான்.

"உன் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பூச்சி?" என்றார் முதலாளி.

இதற்குத் தலையாட்ட முடியாது. அவள் கையைக் காட்டினாள். பட்டறைக்குள் நின்று காட்டியதால் கை ஒரு சுவரைக் காட்டியது.

"மூணும் போனா கண்ணுல படும். ஒண்ணு மட்டும் போனதால படலையோ?" அவர் கோபப்படவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். "ஒண்ணு மட்டும் எப்படிப் போகும்?"

பூச்சி அண்ணனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஆச்சரியம் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அண்ணனுக்கு இவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"நான்தான் சொல்லாம விட்டுட்டேன்," என்றாள். அதுவரை பட்டறையில் அவள் குரலைக் கேட்டவர்கள் யாருமில்லை. சாயம் பூசுகிற அம்மா தூரிகையோடு நிமிர்ந்தாள். "என் தப்புதான்."

முதலாளி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "சரி," என்றார். பிறகு அண்ணனிடம், "நீ போய்ப் பாரு. யார் கை வெச்சதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லு."

அண்ணன் முன்னால் நடந்தான். பூச்சி பின்னால் நடந்தாள். அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும், வீட்டுக்குப் போனதும் ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள்.

வீட்டில் அண்ணி படுக்கைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. போர்டைத் தினமும் தானாக எரியவைக்கும் லாட்ஜ்காரரின் கடிகார ஸ்விட்ச் விழ இன்னும் நேரம் இருந்தது. அண்ணன் நேராக ஜன்னலுக்குப் போய், இடுப்பு வரை வெளியே சாய்ந்து பார்த்தான். உள்ளே வந்தபோது அவன் முகத்தில் இருந்தது நடிப்பு இல்லை என்று பூச்சிக்குப் புரிந்தது.

"எவனோ முடிஞ்சிருக்கான். நல்ல முடிச்சு," என்றான் அண்ணன். "பிட்டர் போடற முடிச்சு இல்ல. மூட்டை கட்டற முடிச்சு மாதிரி இருக்கு."

"மாவு மூட்டை," என்றாள் அண்ணி. "நான்தான் முடிஞ்சேன்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"மூணு டம்ளர் வெச்சுச் சொல்லிக்கொடுத்தீங்களே."

"கரண்ட் இருக்கும்போதா?"

"பகல்ல. லீவு நாள்ல."

"கையில என்ன போட்டிருந்த?"

"அடுப்புக் கையுறை."

"அது சூட்டுக்குத்தான் தாங்கும். கரண்டுக்கு ரப்பர் போடணும்," என்றான் அண்ணன். அவன் முகம் வெளுத்திருந்தது. பயந்துபோனேன் என்று அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது, "இனிமே தொடறதுன்னா ரப்பர்தான்," என்பது.

அண்ணி உறையின் முனைகளைச் சரியாக இழுத்துவிட்டாள். அவள் இன்னும் கோபப்படவில்லை. ஏறக்குறையச் சிரிக்கத் தயாராக இருந்த மாதிரிதான் பூச்சிக்குத் தெரிந்தது.

"முதல் நாளே வந்து கத்துவீங்கன்னு நெனச்சேன். கத்தலை. மறுநாளும் கத்தலை. சரி, பூச்சி தினம் போன்ல சொல்லுது, தெரிஞ்சுக்கிட்டேதான் விட்டுவெச்சிருக்கீங்க, நான் தூங்கட்டும்னு. அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்." உறையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அப்படித்தானே?"

இப்போதாவது ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும் என்று பூச்சி நினைத்தாள். அவளுடைய தலை தன்னாலேயே லேசாக ஆடியது, அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. அண்ணன் அவள் பக்கம் பார்க்கவில்லை. அவன் பொய் சொல்லத் தெரியாதவன், அதுவும் போர்டு விஷயத்தில்.

"அவ சொல்லவே இல்லையே," என்றான். "அவ வாயில வராத எழுத்து எனக்கு எரியற எழுத்துதான். சொல்லியிருந்தா அன்னிக்கே ஏத்தியிருப்பேன்."

"தினமும் இந்த ரூமுக்குள்ளதானே வந்து படுத்தீங்க."

"ரூமுக்குள்ள வந்து யாரு போர்டு பார்ப்பா?"

அண்ணி பூச்சியைப் பார்த்தாள். நீ தலையாட்டினாயே என்று அந்தப் பார்வை கேட்டது. பூச்சிக்கு நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நான் அண்ணன்தான் செய்தான் என்று நினைத்தேன், உங்களுக்காகச் செய்தான் என்று நினைத்தேன், நீங்கள் போய்விடக்கூடாது என்றுதான் சொல்லாமல் விட்டேன். மூன்று வாக்கியங்கள். நாலு நிறுத்தம் அவகாசம் கொடுத்திருந்தால் தயார் செய்திருப்பாள்.

அண்ணன் இடுக்கியை எடுத்துக்கொண்டு மறுபடி ஜன்னலில் சாய்ந்தான். ஸ்விட்ச் விழுவதற்குள் முடிக்க வேண்டும், முதலாளி கேட்பார். மாவு மூட்டை முடிச்சை அவிழ்க்க அவனுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, அதைப் பாராட்டியும் சொன்னான். கம்பிகளைப் பழையபடி எழுத்தின் இரண்டு முனைகளிலும் மாட்டினான். குழாயில் படிந்திருந்த தூசியைச் சட்டை முனையால் துடைத்துவிட்டான்.

அவன் முதுகுக்குப் பின்னால் அண்ணி கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். இரண்டு சேலை, சீப்பு, அடுப்புக் கையுறை. சத்தம் வராமல் செய்யவில்லை. சாதாரணமாகத்தான் செய்தாள், அவனுக்குத்தான் கேட்கவில்லை. எப்போதும் ஓயாத வாய் இத்தனை நேரம் மூடியிருக்கிறது என்பதும் அவனுக்குக் கேட்கவில்லை.

ஸ்விட்ச் விழுந்தது. மேல் மூன்று எரிந்தது, அணைந்தது. கீழ் மூன்று எரிந்தது, மூன்றும். அறை சிவந்தது. சுவர், புது உறை போட்ட தலையணை, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த அண்ணியின் மூக்கு.

"பாரு," என்றான் அண்ணன் வெளியே பார்த்தபடியே. "இத்தனை நாள் கழிச்சு ஏத்தறேன், ஒரு நடுக்கம் இல்ல பாரு."

பூச்சி வாசற்கதவில் போய் நின்றாள். வழியை மறிக்கத்தான் நின்றாள். ஆனால் அண்ணி அருகே வந்ததும் உடம்பு தானாக ஒதுங்கி வழிவிட்டது. "அண்ணி," என்றாள். அதற்கு மேல் ஒன்று வந்தது, "நான்" என்று. அண்ணி நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தாள். வெளியே ஆறும் சேர்ந்து எரிந்தது, எல்லாம் அணைந்தது, மேல் மூன்று எரிந்தது.

பூச்சியின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

அண்ணி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். செருப்பை மாட்டினாள், வாரைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள்.